ஜிம் தோர்ப்

ஜிம் தோர்ப் (ஜேம்ஸ் பிரான்சிஸ் தோர்ப், 1887 – மார்ச் 28, 1953) ஐக்கிய அமெரிக்காவைச் சேர்ந்த புகழ் பெற்ற விளையாட்டு வீரர் ஆவார். 1912 ஆம் ஆண்டு சுவீடன் நாட்டின் ஸ்டாக்ஹோம் நகரில் நடைபெற்ற ஒலிம்பிக் போட்டிகளில் ஐம்போட்டி (பென்டாத்லான்), பதின்போட்டி (டெகாத்லான்) ஆகிய இரண்டிலும் தங்கப் பதக்கம் வென்றார். அமெரிக்கத் தொல்குடியினரில் ஐக்கிய அமெரிக்காவுக்காக ஒலிம்பிக் தங்கம் வென்ற முதல் வீரர் இவரே. தடகளம் மட்டுமன்றி அமெரிக்கக் கால்பந்து, பேஸ்பால், கூடைப்பந்து ஆகியவற்றையும் தொழில்முறையில் ஆடியவர்.

ஒலிம்பிக் போட்டிகளுக்கு முன்னர் சிறு தொகை பெற்றுக்கொண்டு பேஸ்பால் ஆடினார் என்ற காரணத்தால் 1913 இல் இவருடைய பதக்கங்கள் பறிக்கப்பட்டன. இவர் மறைந்து ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் கழித்து, 1982 இல் பதக்கங்களைத் திருப்பியளிக்க முடிவாயிற்று. எனினும் 2022 ஆம் ஆண்டில்தான் இவ்விரு போட்டிகளின் தனி வெற்றியாளராக இவர் மீண்டும் அறிவிக்கப்பட்டார்.

பிறப்பும் குடும்பமும்

தோர்ப் அன்றைய இந்தியப் பிரதேசத்தில் பிறந்தார். இப்பகுதி இன்று ஓக்லகோமா மாநிலத்தில் உள்ளது. பிறந்த இடம் அம்மாநிலத்தின் பிராக் என்னும் சிற்றூருக்கு அருகில் அமைந்துள்ளது. இவருக்குப் பிறப்புச் சான்றிதழ் எதுவும் இல்லை. திருமுழுக்குப் பதிவேட்டில் பிறந்த நாள் மே 22, 1887 என உள்ளது. தோர்ப் தமது பிறந்த நாளாக மே 28, 1888 ஐக் குறிப்பிட்டதும் உண்டு. வாழ்க்கை வரலாற்று ஆசிரியர்களில் பெரும்பாலோர் 1887 ஆம் ஆண்டையே ஏற்கின்றனர்.

தந்தை ஹைரம் தோர்ப் அயர்லாந்து வழித் தந்தைக்கும் சாக்-ஃபாக்ஸ் குடியைச் சேர்ந்த தாய்க்கும் பிறந்தவர். தாய் சார்லட் வியூ பிரெஞ்சு, பொட்டவாட்டமி மரபுகளைச் சேர்ந்தவர். தோர்ப் சாக்-ஃபாக்ஸ் குடியினராகவே வளர்ந்தார். அக்குடியினரின் மொழியில் இவருக்கு வா-தோ-ஹக் என்று பெயரிடப்பட்டது. இதற்கு ஒளிமிக்க பாதை என்று பொருள் கூறுவர். பெற்றோர் இருவரும் கத்தோலிக்க சமயத்தைப் பின்பற்றியதால் இவருக்குக் கத்தோலிக்க முறைப்படி திருமுழுக்கு அளிக்கப்பட்டது.

இவருக்குச் சார்லி என்ற இரட்டைச் சகோதரர் இருந்தார். அவர் ஒன்பது வயதில் நுரையீரல் அழற்சியால் இறந்தார். இந்த இழப்புக்குப் பின் தோர்ப் பள்ளியிலிருந்து பலமுறை தப்பி ஓடினார். கன்சாஸ் மாநிலத்தின் லாரன்ஸ் நகரிலிருந்த ஹாஸ்கெல் தொல்குடியினர் உறைவிடப் பள்ளிக்குத் தந்தை இவரை அனுப்பிவைத்தார். சில ஆண்டுகளில் தாயும் பிள்ளைப்பேற்றைத் தொடர்ந்த நலக்குறைவால் காலமானார். தந்தையுடன் பிணக்கு ஏற்பட்டதால் தோர்ப் வீட்டை விட்டு வெளியேறிக் குதிரைப் பண்ணையொன்றில் சிலகாலம் வேலை பார்த்தார்.

கார்லைல் பள்ளி

1904 ஆம் ஆண்டு தோர்ப் பென்சில்வேனியா மாநிலத்திலிருந்த கார்லைல் தொல்குடியினர் தொழிற்பள்ளியில் சேர்ந்தார். இப்பள்ளி 1879 இல் ரிச்சர்ட் ஹென்றி பிராட் என்னும் படை அதிகாரியால் தொடங்கப்பட்டது. தொல்குடிப் பிள்ளைகளை அவர்களுடைய மொழி, உடை, வழக்கங்கள் ஆகியவற்றிலிருந்து விலக்கி, வெள்ளையரின் வாழ்க்கை முறைக்கு மாற்றுவதே இப்பள்ளியின் நோக்கமாக இருந்தது. மாணவர்களின் நீண்ட முடி வெட்டப்பட்டது. தாய்மொழியில் பேசுவது தடை செய்யப்பட்டது. மாணவர்கள் அருகிலுள்ள பண்ணைகளுக்கும் வீடுகளுக்கும் குறைந்த கூலிக்கு வேலை செய்ய அனுப்பப்பட்டனர். தோர்ப் கார்லைலில் சேர்ந்த அதே ஆண்டில் தந்தையும் இறந்துவிட்டார். தோர்ப் பள்ளியிலிருந்து விலகிச் சில ஆண்டுகள் பண்ணை வேலை செய்துவிட்டு மீண்டும் திரும்பினார்.

1907 இல் நடந்ததாகக் கூறப்படும் ஒரு நிகழ்ச்சியிலிருந்து இவருடைய தடகள வாழ்க்கை தொடங்குகிறது. பள்ளித் திடலைக் கடந்து சென்றபோது, மாணவர்கள் உயரம் தாண்டும் பயிற்சியில் ஈடுபட்டிருப்பதைத் தோர்ப் கண்டார். அன்றாட உடையிலேயே ஓடிச் சென்று 5 அடி 9 அங்குலம் (ஏறத்தாழ 175 செ.மீ) உயரத்தைத் தாண்டிப் பயிற்சி பெற்ற மாணவர்களை விஞ்சினார். பள்ளியின் பயிற்றுநர் பாப் வார்னர் இவரைத் தமது அணியில் சேர்த்துக்கொண்டார். அமெரிக்கக் கால்பந்துப் பயிற்றுநர்களுள் மிகவும் பெயர் பெற்றவர் வார்னர். தமது சிறந்த தடகள வீரர் கால்பந்தில் காயமடையக் கூடும் என்று அவர் முதலில் தயங்கினார். தோர்ப் விடாமல் வற்புறுத்தி அணியில் இடம்பெற்றார்.

1911 நவம்பரில் கார்லைல் அணி, நாட்டின் வலிமை மிக்க அணிகளுள் ஒன்றான ஹார்வர்ட் பல்கலைக்கழக அணியை 18–15 என்ற கணக்கில் வென்றது. இந்த ஆட்டத்தில் நான்கு களக் கோல்களையும் அடித்தவர் தோர்ப். 1912 நவம்பரில் வெஸ்ட் பாயின்ட் படைக் கல்லூரி அணியைக் கார்லைல் 27–6 என்ற கணக்கில் தோற்கடித்தது. பின்னாளில் ஐக்கிய அமெரிக்காவின் குடியரசுத் தலைவரான டுவைட் ஐசனாவர் அன்று தோற்ற அணியில் ஆடினார். 1911, 1912 ஆகிய இரு ஆண்டுகளிலும் அனைத்து அமெரிக்கக் கல்லூரி அணிக்குத் தோர்ப் தேர்வு செய்யப்பட்டார். 1912 இல் கல்லூரிகளுக்கிடையிலான நடனப் போட்டியிலும் பட்டம் வென்றார்.

1912 ஒலிம்பிக் போட்டிகள்

ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக் போட்டிகளில் இருவகைப் பல்திறப் போட்டிகள் புதிதாகச் சேர்க்கப்பட்டன. ஐந்து போட்டிகளைக் கொண்டது ஐம்போட்டி. பத்துப் போட்டிகளைக் கொண்டது பதின்போட்டி. தோர்ப் இவ்விரண்டிலும், தனியாக நடைபெற்ற உயரம் தாண்டுதல், நீளம் தாண்டுதல் ஆகியவற்றிலும் பங்கேற்றார். கார்லைல் பள்ளியின் மற்றொரு மாணவரும் ஹோப்பி குடியைச் சேர்ந்தவருமான லூயிஸ் டெவானிமா அதே ஒலிம்பிக்கில் 10,000 மீட்டர் ஓட்டத்தில் வெள்ளிப் பதக்கம் வென்றார்.

ஐம்போட்டி

ஐம்போட்டி ஜூலை 7, 1912 அன்று ஒரே நாளில் நடைபெற்றது. ஒவ்வொரு போட்டியிலும் பெற்ற இடமே புள்ளியாகக் கொள்ளப்பட்டது. எனவே குறைந்த புள்ளி பெற்றவர் வென்றவராவார். தோர்ப் நான்கு போட்டிகளில் முதலிடமும் ஈட்டி எறிதலில் மூன்றாம் இடமும் பெற்றார். இவருடைய அளவுகள் வருமாறு:

- நீளம் தாண்டுதல்: 7.07 மீட்டர்
- ஈட்டி எறிதல்: 46.71 மீட்டர்
- 200 மீட்டர் ஓட்டம்: 22.9 நொடி
- வட்டு எறிதல்: 35.57 மீட்டர்
- 1500 மீட்டர் ஓட்டம்: 4 நிமிடம் 44.8 நொடி

நார்வே நாட்டின் ஃபெர்டினாண்ட் பீ இரண்டாம் இடம் பெற்றார். அடுத்து நடந்த தனிப் போட்டிகளில் தோர்ப் உயரம் தாண்டுதலில் நான்காம் இடத்தைப் பகிர்ந்துகொண்டார். நீளம் தாண்டுதலில் ஏழாவதாக வந்தார்.

பதின்போட்டி

பதின்போட்டியில் விரைவு, வலிமை, தாண்டும் திறன், தாங்குதிறன் ஆகிய அனைத்தும் சோதிக்கப்படுகின்றன. ஒவ்வொரு போட்டியிலும் வீரர் எட்டிய அளவு ஓர் அட்டவணைப்படி புள்ளிகளாக மாற்றப்பட்டுக் கூட்டப்படுகிறது. ஆகவே ஒரு போட்டியில் முதலாவதாக வருவதைக் காட்டிலும் எதிலும் பின்தங்காமல் இருப்பதே இதில் முதன்மையானது. தற்காலத்தில் இது இரு நாட்களில் நடத்தப்படுகிறது. ஸ்டாக்ஹோமில் ஜூலை 13 முதல் 15 வரை மூன்று நாட்கள் நடைபெற்றது.

போட்டிக்குச் சற்று முன்னர் தோர்ப்பின் காலணிகள் காணாமற் போயின. ஒன்றுக்கொன்று பொருந்தாத இரு காலணிகளைத் தேடியெடுத்து அணிந்துகொண்டார் என்றும், அவற்றுள் ஒன்று குப்பைத் தொட்டியிலிருந்து கிடைத்தது என்றும் கூறப்படுகிறது. வெவ்வேறு காலணிகளுடனும் காலுறைகளுடனும் இவர் நிற்கும் ஒளிப்படம் இன்றும் பரவலாக அறியப்படுகிறது.

இவர் எட்டிய அளவுகள்:

- 100 மீட்டர் ஓட்டம்: 11.2 நொடி
- நீளம் தாண்டுதல்: 6.79 மீட்டர்
- குண்டு எறிதல்: 12.89 மீட்டர்
- உயரம் தாண்டுதல்: 1.87 மீட்டர்
- 400 மீட்டர் ஓட்டம்: 52.2 நொடி
- வட்டு எறிதல்: 36.98 மீட்டர்
- 110 மீட்டர் தடை ஓட்டம்: 15.6 நொடி
- கோலூன்றித் தாண்டுதல்: 3.25 மீட்டர்
- ஈட்டி எறிதல்: 45.70 மீட்டர்
- 1500 மீட்டர் ஓட்டம்: 4 நிமிடம் 40.1 நொடி

பத்துப் போட்டிகளிலும் இவர் முதல் நான்கு இடங்களுக்குள் வந்தார். குண்டு எறிதல், உயரம் தாண்டுதல், தடை ஓட்டம், 1500 மீட்டர் ஓட்டம் ஆகிய நான்கில் முதலிடம் பெற்றார். அன்றைய அட்டவணைப்படி இவருடைய மொத்தப் புள்ளிகள் 8,412.95 ஆகும். இரண்டாம் இடம் பெற்ற சுவீடனின் ஹியூகோ வீஸ்லாண்டர் 7,724.49 புள்ளிகளே பெற்றார். இருவருக்கும் இடையிலான வேறுபாடு 688 புள்ளிகளுக்கும் மேல். புள்ளி அட்டவணை பின்னர் பலமுறை திருத்தப்பட்டுள்ளது. 1985 ஆம் ஆண்டு அட்டவணைப்படி தோர்ப்பின் அளவுகள் 6,564 புள்ளிகளுக்குச் சமமாகும். மண் தடம், மணற்குழி, மரக்கோல் ஆகியவற்றைக் கொண்டு எட்டப்பட்ட அளவுகள் இவை என்பதைக் கருத்திற் கொள்ள வேண்டும்.

பரிசளிப்பு விழாவில் சுவீடன் மன்னர் ஐந்தாம் குஸ்தாவ் தமது கையால் தோர்ப்புக்குப் பதக்கங்களை வழங்கி, உலகின் தலைசிறந்த தடகள வீரர் என்று பாராட்டியதாகக் கூறுவர். சுவீடன் மன்னரும் உருசியப் பேரரசர் இரண்டாம் நிக்கலாசும் அளித்திருந்த சுழற்பரிசுகளும் இவருக்குக் கிடைத்தன. நாடு திரும்பிய வீரர்களுக்கு நியூயார்க் நகரின் பிராட்வே வீதியில் பெரும் வரவேற்பு ஊர்வலம் நடத்தப்பட்டது.

செப்டம்பர் 2, 1912 அன்று நியூயார்க்கில் நடந்த அமெரிக்க அனைத்துத்திறப் போட்டியிலும் தோர்ப் வென்றார். பத்துப் போட்டிகளில் ஏழில் முதலிடமும் மூன்றில் இரண்டாம் இடமும் பெற்றார். மொத்தம் 7,476 புள்ளிகளை எடுத்து, மார்ட்டின் ஷெரிடன் 7,385 புள்ளிகளுடன் நிறுவியிருந்த சாதனையை முறியடித்தார்.

பதக்கங்கள் பறிக்கப்படல்

அக்காலத்தில் ஒலிம்பிக் போட்டிகளில் அமெச்சூர் எனப்படும் தொழில்முறை சாராத வீரர்கள் மட்டுமே பங்கேற்க முடியும். எந்த விளையாட்டுக்காகவேனும் பணம் பெற்றவர் அமெச்சூர் தகுதியை இழப்பார். செல்வக் குடும்பங்களைச் சேர்ந்தவர்களுக்கு இவ்விதி இடையூறாக இருக்கவில்லை. உழைத்துப் பிழைக்க வேண்டிய வீரர்களையே அது பெரிதும் பாதித்தது.

1913 சனவரி இறுதியில் மாசசூசெட்சின் வூஸ்டர் நகர நாளிதழ் ஒன்று, தோர்ப் முன்னர் பணம் பெற்றுப் பேஸ்பால் ஆடியதாகச் செய்தி வெளியிட்டது. செய்தி உண்மையே. 1909, 1910 ஆம் ஆண்டுகளின் கோடைக்காலங்களில் இவர் வட கரொலைனாவில் சிறு கூட்டிணைவு ஒன்றில் ராக்கி மவுண்ட் நகர அணிக்காக ஆடியிருந்தார். ஆட்டத்திற்கு 2 டாலர் என்ற அளவிலான சிறு தொகையே பெற்றதாகக் கூறப்படுகிறது. கல்லூரி மாணவர்கள் பலர் அக்காலத்தில் கோடை விடுமுறையில் இவ்வாறு ஆடுவது வழக்கம். அவர்கள் புனைபெயர்களில் ஆடினர். தோர்ப் தமது சொந்தப் பெயரிலேயே ஆடினார். அதனால் அவரை அடையாளங் காண்பது எளிதாயிற்று.

அமெரிக்க அமெச்சூர் தடகள ஒன்றியத்தின் செயலாளர் ஜேம்ஸ் சல்லிவனுக்குத் தோர்ப் ஒரு கடிதம் எழுதினார். அதில் குற்றச்சாட்டை ஒப்புக்கொண்டார். பள்ளி மாணவராக இருந்த தமக்கு இத்தகைய விதிகள் பற்றித் தெரியாது என்றும், பணத்திற்காக அல்லாமல் விளையாட்டில் உள்ள விருப்பத்தாலேயே ஆடியதாகவும் தெரிவித்தார். பயிற்றுநர் வார்னரும் பள்ளி நிர்வாகமும் தமக்கு ஏதும் தெரியாது என்று கூறிவிட்டனர். தோர்ப் இரு கோடைக்காலங்கள் எங்கே இருந்தார் என்பதை அவர்கள் அறியாமல் இருந்திருக்க இயலாது என ஆய்வாளர்கள் பலர் கருதுகின்றனர்.

ஒன்றியம் தோர்ப்பின் அமெச்சூர் தகுதியை முன்தேதியிட்டு நீக்கியது. அதே ஆண்டில் பன்னாட்டு ஒலிம்பிக் குழு இவருடைய வெற்றிகளை நீக்கிப் பதக்கங்களையும் பரிசுகளையும் திரும்பப் பெற்றது. ஐம்போட்டித் தங்கம் பீக்கும் பதின்போட்டித் தங்கம் வீஸ்லாண்டருக்கும் உரியதாக அறிவிக்கப்பட்டது. இருவரும் தம்மை வென்றவர் தோர்ப்பே என்று கருதி வந்தனர்.

இம்முடிவு அன்றைய விதிகளுக்கே முரணானது. ஒரு வீரரின் தகுதி பற்றிய முறையீடுகள் போட்டிகள் நிறைவடைந்து 30 நாட்களுக்குள் எழுப்பப்பட வேண்டும் என்று ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக் விதிகள் கூறின. நாளிதழ்ச் செய்தியோ போட்டிகள் முடிந்து ஏறத்தாழ ஆறு மாதங்களுக்குப் பின்னரே வெளிவந்தது. அப்போது இதனை எடுத்துக்காட்டித் தோர்ப்புக்காக வாதிட எவரும் முன்வரவில்லை.

தொழில்முறை விளையாட்டு வாழ்க்கை

பேஸ்பால்

அமெச்சூர் தகுதியை இழந்த தோர்ப் 1913 இல் நியூயார்க் ஜயன்ட்ஸ் பேஸ்பால் அணியில் சேர்ந்தார். அவ்வாண்டு இறுதியில் ஜயன்ட்ஸ், சிக்காகோ ஒயிட் சாக்ஸ் ஆகிய அணிகள் உலகச் சுற்றுப்பயணம் மேற்கொண்டன. புதிதாகத் திருமணமான தோர்ப் தம் மனைவி ஐவா மில்லருடன் இதில் கலந்துகொண்டார். சப்பான், பிலிப்பீன்சு, ஆத்திரேலியா, இலங்கை, எகிப்து, இத்தாலி, இங்கிலாந்து ஆகிய நாடுகளுக்கு இக்குழு சென்றது. பல இடங்களில் மக்கள் பேஸ்பால் ஆட்டத்தைக் காட்டிலும் ஒலிம்பிக் வீரரான தோர்ப்பைக் காணவே கூடினர்.

பின்னர் சின்சினாட்டி ரெட்ஸ், பாஸ்டன் பிரேவ்ஸ் ஆகிய அணிகளிலும் ஆடினார். 1919 வரை பெருங்கூட்டிணைவுகளில் 289 ஆட்டங்களில் ஆடி .252 என்ற மட்டையடிச் சராசரியைப் பெற்றார். 1917 மே மாதம் இரு அணிகளின் பந்து வீச்சாளர்களும் ஒன்பது சுற்றுகள் வரை ஓர் அடியும் கொடுக்காத அரிய ஆட்டம் ஒன்று நடந்தது. அதில் பத்தாவது சுற்றில் வெற்றி ஓட்டத்திற்குக் காரணமாக அமைந்தது தோர்ப்பின் அடியே.

அமெரிக்கக் கால்பந்து

தோர்ப் மிகுந்த திறமை காட்டியது அமெரிக்கக் கால்பந்தில்தான். 1915 இல் ஒகையோ மாநிலத்தின் கேன்டன் புல்டாக்ஸ் அணி ஆட்டத்திற்கு 250 டாலர் கொடுத்து இவரைச் சேர்த்தது. அன்றைய நிலையில் இது மிகப் பெரிய தொகை. அதுவரை அவ்வணியின் ஆட்டங்களைக் காணச் சராசரியாக 1,200 பேரே வந்தனர். தோர்ப்பின் முதல் ஆட்டத்திற்கு 8,000 பேர் திரண்டனர். 1916, 1917, 1919 ஆகிய ஆண்டுகளில் கேன்டன் அணி தன்னைத் தலைசிறந்த அணியாக நிலைநாட்டியது.

1920 இல் கேன்டன் நகரில் அமெரிக்கத் தொழில்முறைக் கால்பந்துச் சங்கம் தொடங்கப்பட்டது. தோர்ப் ஆட்டத்தைத் தொடர்ந்துகொண்டே அதன் முதல் தலைவராகவும் பொறுப்பேற்றார். இச்சங்கமே 1922 இல் தேசியக் கால்பந்துக் கூட்டிணைவு (என்.எஃப்.எல்) எனப் பெயர் மாற்றம் பெற்றது. 1922, 1923 ஆகிய ஆண்டுகளில் தொல்குடியினர் மட்டுமே இடம்பெற்ற ஊராங் இந்தியன்ஸ் அணியை வழிநடத்தினார். நாய்ப் பண்ணை உரிமையாளர் ஒருவர் தமது வணிக விளம்பரத்திற்காக நடத்திய அணி அது. ஆட்டங்களின் இடைவேளையில் வீரர்கள் தொல்குடி நடனங்களையும் நாய்களைக் கொண்டு வேடிக்கைகளையும் நிகழ்த்த வேண்டியிருந்தது. 1928 இல் சிக்காகோ கார்டினல்ஸ் அணிக்காக ஆடியதுடன் தமது 41 ஆம் வயதில் தோர்ப் தொழில்முறை விளையாட்டிலிருந்து ஓய்வு பெற்றார்.

பிற்கால வாழ்க்கை

விளையாட்டிலிருந்து விலகிய சில மாதங்களில் பெரும் பொருளாதார வீழ்ச்சி தொடங்கியது. தோர்ப்புக்கு வேறு தொழில் எதுவும் தெரியாது. குழி வெட்டுதல், கட்டட வேலை, காவற்பணி எனக் கிடைத்த வேலைகளைச் செய்தார். இரண்டாம் உலகப் போரின் இறுதிக்கட்டத்தில், 1945 இல் வணிகக் கப்பற்படையில் பணியாற்றினார். மது அருந்தும் பழக்கமும் இவருடைய வாழ்க்கையைப் பாதித்தது.

ஹாலிவுட் திரைப்படங்கள் பலவற்றில் சிறு வேடங்களில் நடித்தார். பெரும்பாலும் தொல்குடித் தலைவராகவோ கூட்டத்தில் ஒருவராகவோ தோன்றினார். தொல்குடிப் பாத்திரங்களில் வெள்ளையரை நடிக்க வைக்காமல் தொல்குடியினருக்கே வாய்ப்பளிக்க வேண்டும் என்றும் வலியுறுத்தி வந்தார்.

1932 ஒலிம்பிக் போட்டிகள் லாஸ் ஏஞ்சலஸ் நகரில் நடைபெற்றன. நுழைவுச்சீட்டு வாங்கவும் தோர்ப்பிடம் பணம் இல்லை என்ற செய்தி பரவியது. அப்போதைய துணைக் குடியரசுத் தலைவர் சார்லஸ் கர்ட்டிஸ் தொல்குடி வழிவந்தவர். அவர் தோர்ப்பைத் தம்முடன் அமர்ந்து போட்டிகளைக் காண அழைத்தார். அரங்கில் கூடியிருந்தோர் எழுந்து நின்று கைதட்டி இவரை வரவேற்றனர்.

1950 இல் அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனம் விளையாட்டுச் செய்தியாளர்களிடையே நடத்திய வாக்கெடுப்பில், இருபதாம் நூற்றாண்டின் முதற்பாதியின் தலைசிறந்த விளையாட்டு வீரராகத் தோர்ப் தேர்ந்தெடுக்கப்பட்டார். பேப் ரூத் உள்ளிட்ட பலரை விட இவருக்கு மிகுதியான வாக்குகள் கிடைத்தன. 1951 இல் இவருடைய வாழ்க்கை வரலாறு திரைப்படமாக வெளிவந்தது. மைக்கேல் கர்ட்டிஸ் இயக்கிய அப்படத்தில் பர்ட் லங்காஸ்டர் தோர்ப்பாக நடித்தார். அதே ஆண்டில் தோர்ப்புக்கு உதட்டில் புற்றுநோய் கண்டறியப்பட்டது. மருத்துவச் செலவுக்குப் பணம் இல்லாததால் இலவசச் சிகிச்சை பெற்றார்.

மார்ச் 28, 1953 அன்று கலிபோர்னியாவின் லொமிட்டாவில் தமது இழுவை வீட்டில் மாரடைப்பால் காலமானார்.

குடும்ப வாழ்க்கை

தோர்ப் மூன்று முறை திருமணம் செய்துகொண்டார். 1913 இல் ஐவா மில்லரை மணந்தார். இவர்களுக்கு நான்கு குழந்தைகள். முதல் மகன் சிறுவயதிலேயே இறந்தது தோர்ப்பைப் பெரிதும் வாட்டியது. இத்திருமணம் 1925 இல் முறிந்தது. 1926 இல் ஃபிரீடா கிர்க்பேட்ரிக்கை மணந்தார். இவர்களுக்கு நான்கு மகன்கள். 1941 இல் இவர்களும் பிரிந்தனர். 1945 இல் பேட்ரிசியா ஆஸ்க்யூவை மணந்தார். மகள் கிரேஸ் தோர்ப் தொல்குடியினர் உரிமைகளுக்காகவும், தொல்குடி நிலங்களில் அணுக்கழிவு வைப்பதற்கு எதிராகவும் போராடியவர்.

உடல் அடக்கமும் வழக்கும்

ஓக்லகோமாவில் சாக்-ஃபாக்ஸ் முறைப்படி இறுதிச் சடங்குகள் நடந்துகொண்டிருந்தபோதே மூன்றாம் மனைவி பேட்ரிசியா உடலை எடுத்துச் சென்றுவிட்டார். ஓக்லகோமா அரசு நினைவுச் சின்னம் எழுப்ப நிதி அளிக்காத நிலையில் அவர் வேறு இடம் தேடினார். பென்சில்வேனியாவில் நிலக்கரித் தொழில் நலிந்து வருவாய் இழந்திருந்த மாக் சங்க், கிழக்கு மாக் சங்க் என்னும் இரு சிற்றூர்கள் அவருடன் ஓர் உடன்பாடு செய்தன. அதன்படி 1954 இல் இரு ஊர்களும் ஒன்றாக இணைந்து ஜிம் தோர்ப் என்ற பெயரை ஏற்றன. உடல் அங்கு அடக்கம் செய்யப்பட்டது. ஓக்லகோமாவிலிருந்தும் ஸ்டாக்ஹோம் அரங்கிலிருந்தும் கொண்டுவரப்பட்ட மண் நினைவிடத்தில் இடப்பட்டது. தோர்ப் அவ்வூரில் ஒருபோதும் வாழ்ந்ததில்லை.

தந்தையின் உடல் சொந்த மண்ணில் அடக்கம் செய்யப்பட வேண்டும் எனக் கோரி மகன் ஜாக் தோர்ப் 2010 இல் வழக்குத் தொடுத்தார். தொல்குடியினரின் உடல் எச்சங்களை அவர்களிடம் திருப்பியளிப்பது பற்றிய 1990 ஆம் ஆண்டுச் சட்டத்தை அவர் அடிப்படையாகக் கொண்டார். ஜாக் 2011 இல் காலமான பின்னர் அவருடைய சகோதரர்களும் சாக்-ஃபாக்ஸ் குடியும் வழக்கைத் தொடர்ந்தனர். 2013 இல் கீழ் நீதிமன்றம் இவர்களுக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. 2014 இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதனை மாற்றியது. 2015 இல் உச்ச நீதிமன்றம் வழக்கை ஏற்க மறுத்ததால் உடல் பென்சில்வேனியாவிலேயே உள்ளது.

பதக்கங்கள் மீட்கப்படல்

தோர்ப்பின் பதக்கங்களைத் திருப்பியளிக்க வேண்டும் என்ற கோரிக்கை இவர் உயிருடன் இருந்தபோதே எழுந்தது. 1952 முதல் 1972 வரை பன்னாட்டு ஒலிம்பிக் குழுவின் தலைவராக இருந்த ஏவரி பிரண்டேஜ் இதனை ஏற்கவில்லை. அவர் 1912 இல் ஐம்போட்டி, பதின்போட்டி ஆகிய இரண்டிலும் தோர்ப்புக்கு எதிராகப் போட்டியிட்டுத் தோற்றவர் என்பது குறிப்பிடத்தக்கது.

1973 இல் அமெரிக்க அமெச்சூர் தடகள ஒன்றியம் தோர்ப்பின் தகுதியை மீட்டளித்தது. இவருடைய வாழ்க்கை வரலாற்றை எழுதிய ராபர்ட் வீலரும் அவர் மனைவி ஃபுளோரன்ஸ் ரிட்லனும் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தில் 1912 ஒலிம்பிக் விதிநூலைத் தேடிக் கண்டெடுத்தனர். அதிலிருந்த 30 நாள் விதியே தோர்ப்பின் வழக்கில் திருப்புமுனையாக அமைந்தது. அக்டோபர் 1982 இல் பன்னாட்டு ஒலிம்பிக் குழு பதக்கங்களைத் திருப்பியளிக்க முடிவு செய்தது. சனவரி 18, 1983 அன்று புதிதாக வார்க்கப்பட்ட பதக்கங்கள் தோர்ப்பின் பிள்ளைகளிடம் வழங்கப்பட்டன. மூலப் பதக்கங்கள் அருங்காட்சியகங்களிலிருந்து களவு போய், மீண்டும் கிடைக்கவே இல்லை.

ஆயினும் 1982 முடிவின்படி தோர்ப், பீயுடனும் வீஸ்லாண்டருடனும் இணை வெற்றியாளராகவே கருதப்பட்டார். 688 புள்ளி வேறுபாட்டில் வென்றவர் எவ்வாறு இணை வெற்றியாளர் ஆவார் என்ற கேள்வி தொடர்ந்து எழுப்பப்பட்டது. தொல்குடி அமைப்புகள் இதற்காகக் கையெழுத்து இயக்கம் நடத்தின. வீஸ்லாண்டர் தமக்கு ஒதுக்கப்பட்ட தங்கத்தை ஒருபோதும் ஏற்றுக்கொள்ளவில்லை என்பதை அவருடைய குடும்பத்தினர் உறுதிப்படுத்தினர். சுவீடன், நார்வே நாடுகளின் ஒலிம்பிக் குழுக்களும் இசைவு தெரிவித்தன. சூலை 2022 இல், ஸ்டாக்ஹோம் வெற்றியின் 110 ஆம் ஆண்டு நிறைவையொட்டி, தோர்ப் இரு போட்டிகளின் தனி வெற்றியாளராக அறிவிக்கப்பட்டார்.

இதற்கிடையில் தோர்ப்பைத் தண்டித்த விதியே வழக்கொழிந்தது. 1970களில் அமெச்சூர் விதிகள் தளர்த்தப்பட்டன. 1992 பார்சிலோனா ஒலிம்பிக்கில் அமெரிக்கக் கூடைப்பந்து அணியில் கோடிக்கணக்கில் ஊதியம் பெறும் தொழில்முறை வீரர்கள் ஆடித் தங்கம் வென்றனர்.

சிறப்புகள்

- 1951: கல்லூரிக் கால்பந்துப் புகழவையில் சேர்க்கப்பட்டார்.
- 1963: கேன்டன் நகரில் அமைந்த தொழில்முறைக் கால்பந்துப் புகழவையின் முதல் உறுப்பினர் குழுவில் இடம்பெற்றார்.
- 1984, 1998: ஐக்கிய அமெரிக்க அஞ்சல் துறை இவருடைய உருவம் பொறித்த அஞ்சல்தலைகளை வெளியிட்டது.
- 1986 முதல்: கல்லூரிக் கால்பந்தின் சிறந்த பின்தடுப்பு வீரருக்கு இவர் பெயரில் விருது வழங்கப்படுகிறது.
- 2018: தொல்குடியினரைச் சிறப்பிக்கும் ஒரு டாலர் நாணயத்தில் இவருடைய உருவம் இடம்பெற்றது.
- 2024: நாட்டின் மிக உயரிய குடிமக்கள் விருதுகளுள் ஒன்றான குடியரசுத் தலைவரின் விடுதலைப் பதக்கம் இவருடைய மறைவுக்குப் பின் வழங்கப்பட்டது.

வரலாற்று முக்கியத்துவம்

தோர்ப் ஐக்கிய அமெரிக்காவுக்காகத் தங்கம் வென்ற 1912 இல் தொல்குடியினர் பலருக்கு அந்நாட்டின் குடியுரிமை இருக்கவில்லை. நாட்டில் பிறந்த தொல்குடியினர் அனைவருக்கும் குடியுரிமை அளிக்கும் சட்டம் 1924 இல்தான் இயற்றப்பட்டது. தம் மக்களின் மொழியையும் வழக்கங்களையும் அழிப்பதற்காக நிறுவப்பட்ட பள்ளியிலிருந்து வந்து, அம்மக்களின் பெருமிதத்துக்குரிய அடையாளமாக மாறியவர் தோர்ப். தடகளம், கால்பந்து, பேஸ்பால் ஆகிய மூன்றிலும் மிக உயர்ந்த நிலையில் ஆடியவர் என்ற வகையில் இவருக்கு இணையானோர் விளையாட்டு வரலாற்றில் மிகச் சிலரே. போட்டியில் வென்றதை அலுவலக முடிவொன்று நீக்கிவிட, அதனைச் சரிசெய்ய 109 ஆண்டுகள் ஆயின. விளையாட்டு விதிகள் யாருக்காக இயற்றப்படுகின்றன, யாரிடம் கடுமையாகச் செயல்படுத்தப்படுகின்றன என்பதற்கு எடுத்துக்காட்டாகவும் இவருடைய வரலாறு கூறப்படுகிறது.